எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்: நல்லதும் கெட்டதும் ஒரே மூடிக்குள்

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கும் பலர் முதல் நாளே கொஞ்சம் ஏமாந்து போகிறார்கள். கூடவே வரும் கையேட்டில் 'அரிசி 8 நிமிடம்' என்று இருக்கும். அரிசியும் தண்ணீரும் போட்டு, மூடியைத் திருகி, பட்டனை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எட்டு நிமிடம் கழிந்திருக்கும். திரையில் டைமர் இன்னும் ஓடவே தொடங்கியிருக்காது. ஒருவழியாக அது ஓடி முடிந்தாலும் மூடி உடனே திறக்காது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் போயிருக்கும்.

கையேடு பொய் சொல்லவில்லை. அந்த எட்டு நிமிடம் எதிலிருந்து எதுவரை என்பதை மட்டும் உரக்கச் சொல்வதில்லை. அது பிடிபட்டுவிட்டால் இந்தக் கருவியின் நல்லது கெட்டதில் பாதி பிடிபட்ட மாதிரிதான். அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே நடப்பது

கடல் மட்டத்தில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அது 101 ஆகாது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிவிடும். ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியை இறுக்கிவிட்டால் கதை மாறுகிறது. அடைபட்ட ஆவி தண்ணீரின் மேல் அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற, கொதிப்பதற்கு வேண்டிய வெப்பநிலையும் ஏறுகிறது. பெரும்பாலான எலக்ட்ரிக் குக்கர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 70 முதல் 80 கிலோபாஸ்கல் வரை போகும். அப்போது உள்ளே ஏறத்தாழ 116 டிகிரி இருக்கும்.

வெறும் 16 டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால் வேக வைப்பது என்பது அடிப்படையில் வேதிமாற்றம். பத்து டிகிரி கூடினால் வேதிமாற்றத்தின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பழைய தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 16 டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மணி நேரம் கேட்கும் கொண்டைக்கடலை, அரை மணி நேரத்தில் மெத்தென்று ஆவது இதனால்தான்.

இந்த யோசனை புதிதல்ல. டெனிஸ் பாபேன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1679-இல் லண்டனில் இறுக மூடிய இரும்புக் கலம் ஒன்றைச் செய்து, எலும்பையே மிருதுவாக வேகவைத்துக் காட்டினார். அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் அவர் கைவேலைதான். மின்சாரம் இதற்குள் வர இன்னும் மூன்று நூற்றாண்டு ஆயிற்று. 1991-இல் சீனாவில் எலக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குக் காப்புரிமை விண்ணப்பம் போனது. 2010-இல் கனடாவில் ராபர்ட் வாங் என்பவர் தன் கூட்டாளிகளுடன் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் பாட், இதை உலகம் முழுவதும் சமையலறை மேடைக்கு ஏற்றியது.

அடுப்பில் வைக்கும் குக்கரில் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மேலே இருக்கும் வெயிட். அழுத்தம் கூடினால் வெயிட் தூக்கிக்கொள்ளும், விசில் அடிக்கும், ஆவி போகும். தீயைக் குறைக்கவும் அணைக்கவும் ஒரு ஆள் வேண்டும். எலக்ட்ரிக் குக்கரில் அந்த ஆளின் வேலையை ஒரு சின்ன சர்க்யூட் செய்கிறது. அடியில் சூடேற்றும் தகடு. அதன் நடுவில், பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு வெப்ப உணரி. கூடவே அழுத்தத்தைக் கவனிக்க ஓர் ஏற்பாடு. அழுத்தம் போதுமானதும் மின்சாரத்தை நிறுத்தும். இறங்கினால் மறுபடி கொடுக்கும். அதனால் வேகும் நேரம் முழுக்க ஆவி ஏறக்குறைய வெளியேறுவதே இல்லை. விசிலும் இல்லை.

மூடியில் ஒரு சின்ன உலோக முள் இருக்கும். உள்ளே அழுத்தம் வந்ததும் அது மேலே எழும்பி, துளையை அடைத்து, கூடவே மூடியையும் பூட்டிவிடும். அது கீழே விழுந்தால்தான் மூடி திறக்கும். இந்தக் கருவியில் நீங்கள் கண்வைக்க வேண்டிய ஒரே இடம் எது என்று கேட்டால், நான் திரையைச் சொல்லமாட்டேன், இந்த முள்ளைத்தான் சொல்வேன்.

எட்டு நிமிடக் கணக்கு

டைமர் ஓடத் தொடங்குவது அழுத்தம் வந்த பிறகு. அதற்கு முன்னால் தண்ணீர் முழுவதும் சூடாக வேண்டும். 6 லிட்டர் குக்கர்கள் பெரும்பாலும் 1000 வாட் அளவில் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 116 டிகிரிக்குக் கொண்டுபோக 1000 வாட்டுக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். மூன்று லிட்டர் சூப் என்றால் 19 நிமிடம். பாத்திரம் சூடாவதும் வெளியே கசியும் வெப்பமும் இதில் சேரவில்லை. உறைந்த இறைச்சியை அப்படியே போட்டால் இன்னும் தள்ளிப்போகும்.

வெந்து முடிந்த பிறகும் அழுத்தம் இறங்க வேண்டும். அப்படியே விட்டால் தானாக இறங்க, பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை ஆகலாம். வால்வைத் திறந்து ஆவியை வெளியேற்றினால் ஓரிரு நிமிடத்தில் முடியும். ஆனால் எல்லா உணவுக்கும் அது ஒத்துவராது, பின்னால் சொல்கிறேன்.

ஆக, 20 நிமிடத்தில் சாதாரணப் பாத்திரத்திலேயே வெந்துவிடக்கூடிய காய்கறிக்கு இந்தக் குக்கரால் நேரம் மிச்சமாகாது. பல நேரம் கூடத்தான் ஆகும். ஊறாத கடலை, முழுப் பயறு, எலும்போடு கூடிய இறைச்சி, எலும்புச் சாறு, கிழங்கு என்று நீண்ட நேரம் கேட்கும் பொருள்களில்தான் மிச்சம் தெரியும். வேகம் மட்டும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அடுப்புக் குக்கர் இதைவிடக் கெட்டிக்காரன். அது 100 கிலோபாஸ்கல் வரை, அதாவது 121 டிகிரி வரை போகும். பெரிய தீயில் சீக்கிரம் சூடாகும். அவசரமென்றால் குழாயடியில் காட்டிக் குளிரவைக்கவும் முடியும். எலக்ட்ரிக் குக்கரைக் குழாயடிக்குக் கொண்டுபோனால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

அப்புறம் எதற்கு வாங்குவது?

பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதற்காக. என் கணக்கில் இதுவே இதன் முதல் நன்மை, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம், குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரலாம், அரைத் தூக்கம் கூடப் போடலாம். எத்தனை விசில் வந்தது என்று எண்ண வேண்டாம். நேரம் முடிந்ததும் தானே நின்று, சூடாக வைத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். அடுப்பை அணைக்க மறக்கும் வயதானவர்களுக்கும், அடுப்பு வைக்க இடமில்லாத ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கும் இது வசதிக்கும் ஒரு படி மேலான விஷயம். ஆனாலும் அழுத்தம் ஏறும் முதல் கால் மணி நேரமும் ஆவியை விடும் நேரமும் வீட்டில் ஒருவர் இருப்பது நல்லது.

இரண்டாவது, சீர்மை. ஒரே அரிசி, ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் வைத்தால் இன்று வந்த பதமே நாளையும் வரும். தீயின் அளவும் நம் கவனமும் நாளுக்கு நாள் மாறுவதுபோல இங்கே எதுவும் மாறுவதில்லை. முதல் இரண்டு வாரம் சரிப்பட்ட அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பிறகு வீட்டில் யாரும் சமைக்கலாம்.

மின்சாரச் செலவு பலருக்கும் உள்ள பயம். இங்கே ஒரு கணக்கு உதவும். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைப்பதைவிட, கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்கு ஆற்றல் வேண்டும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது நாம் செலவழிப்பதில் பெரும்பகுதி இப்படிக் காற்றில் கலக்கும் ஆவிக்குப் போகிறது. எலக்ட்ரிக் குக்கரில் ஆவி போவதில்லை. வெளிச்சுவர் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. அதனால் ஒருமுறை அழுத்தம் வந்துவிட்டால் தகடு அவ்வப்போதுதான் எரியும். 1000 வாட் குக்கர் மொத்தத்தில் அரை மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். வழக்கமான ஒரு சமையல் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். வெக்கையும் குறைவு என்பது கோடையில் சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சத்து போய்விடாதா என்று கேட்பார்கள். வைட்டமின் சி போன்றவை எந்தச் சூட்டிலும் குறையும். குக்கரில் வெப்பம் கூடுதல், நேரமும் தண்ணீரும் குறைவு. அதனால் தண்ணீரில் வெகுநேரம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவதைவிட இது மேல். லேசாக ஆவியில் காட்டி எடுப்பதோடு ஒப்பிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. இதில் பெரிதாக மகிழவோ அஞ்சவோ ஒன்றுமில்லை.

மூடியால் வரும் தொல்லைகள்

நன்மையெல்லாம் தந்த அதே மூடிதான் தொல்லைகளையும் தருகிறது. நடுவில் திறந்து பார்க்க முடியாது. கிளற முடியாது, ருசி பார்க்க முடியாது, உப்புப் போட மறந்தால் போட முடியாது. கண்ணும் மூக்கும் நாக்கும் வைத்துச் சமைத்துப் பழகியவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டது போலிருக்கும். வேகாத கடலைக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். ஆனால் மறுபடி அழுத்தம் ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். குழைந்துபோன காய்க்கு வழியே இல்லை. இரண்டு நிமிடம் கூடிப்போனால் கீரை நிறம் மங்கிவிடும், பூக்கோசு கூழாகிவிடும். சீக்கிரம் வேகும் காயும் மெதுவாக வேகும் இறைச்சியும் ஒரே நேரத்தில் உள்ளே போகக்கூடாது. முதலில் இறைச்சியை வேகவைத்து, திறந்து, காயைச் சேர்த்து, மூடாமல் கொதிக்கவிடுவதுதான் முறை.

அடுத்தது சுவை. வறுத்த இறைச்சிக்கும் சுட்ட ரொட்டியின் மேலோட்டுக்கும் வரும் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் நன்றாக உண்டாகின்றன. ஈரம் நிறைந்த குக்கருக்குள் 116 டிகிரியைத் தாண்ட வழியில்லை. எனவே எல்லாவற்றையும் கொட்டி மூடினால் வெந்த உணவு கிடைக்கும். வறுத்த மணம் கிடைக்காது. மூடியைத் திறந்து வைத்து வதக்கும் முறை பல குக்கர்களில் உண்டு. வெங்காயத்தையும் இறைச்சியையும் முதலில் அதில் வதக்கிக்கொண்டால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஆனால் அப்போது பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். 'எல்லாம் போட்டு மூடு' என்று விற்கப்படும் சமையல் குறிப்புகள் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆவி போகாததால் குழம்பு சுண்டாது. திறந்த பாத்திரத்துக்கு எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினால் தண்ணீராக நிற்கும். சரி, தண்ணீரைக் குறைத்துவிடலாமா என்றால் அதற்கும் எல்லை இருக்கிறது. ஆவி உண்டாக நீர்த்த திரவம் ஒரு கோப்பையாவது வேண்டும். உங்கள் குக்கருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். தக்காளி விழுது, மாவு கரைத்த குழம்பு போன்ற கெட்டியான பொருள் அடியில் தங்கினால் அடிப்பிடிக்கும். அடியில் இருக்கும் உணரி அதைக் கண்டுபிடித்து, சூட்டை நிறுத்தி எச்சரிக்கை காட்டும். புதிதாக வாங்கியவர்களுக்கு இதுதான் அடிக்கடி வரும் தலைவலி. வதக்கியதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடியைச் சுரண்டிவிடுங்கள். தக்காளியைக் கிளறாமல் மேலாகப் போடுங்கள். பாலும் மாவும் மூடி திறந்த பிறகு சேருங்கள். பால் முன்பே போனால் திரிந்துபோகவும் பொங்கி வால்வை அடைக்கவும் வாய்ப்புண்டு.

மூடிக்குள் இருக்கும் சிலிகோன் வளையம், அதாவது கேஸ்கட், வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காரசாரமான கறி செய்த மறுநாள் இனிப்புச் செய்து பார்த்தவர்களுக்கு இது புரியும். காரத்துக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது எளிய வழி. எப்படியும் அது நாளடைவில் தளரும், மாற்ற வேண்டிய பொருள்தான். பழுது என்று வந்தால் அடுப்புக் குக்கருக்கு வளையமும் வால்வும் மாற்றினால் போதும், பல ஆண்டுகள் ஓடும். இதில் சர்க்யூட் போனால் சரிசெய்வது கடினம். மின்சாரம் போனால் சமையல் அந்த இடத்திலேயே நிற்கும். மேடையில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

வெடிக்குமா?

22 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 75 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருக்கும்போது, அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமம். அதனால்தான் இத்தனை பூட்டு, இத்தனை வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் மின்சாரம் நிற்கும். அதுவும் தவறினால் வால்வு திறக்கும். வெப்பம் மிஞ்சினால் உள்ளே ஒரு ஃபியூஸ் உருகும். ஒழுங்காகப் பயன்படுத்தினால் பயப்படத் தேவையில்லை. முள் கீழே விழாமல் மூடியை பலவந்தமாகத் திருகுவதுதான் ஆபத்து. அப்படித் திறந்துவிட்டால் கொதிக்கும் உணவு முகத்தில்தான் அடிக்கும்.

மற்ற விதிகள் எளியவை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைப்பதும் உப்புவதுமான பருப்பு, அரிசி என்றால் பாதியோடு நிறுத்துங்கள். ஆவியை விடும்போது கையும் முகமும் வால்வுக்கு மேலே இருக்கக்கூடாது. மேலே அலமாரி இருந்தால் குக்கரை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். பருப்புக்கும் கெட்டிக் குழம்புக்கும் வால்வைச் சட்டென்று திறந்தால் நுரை பீய்ச்சியடிக்கும். அழுத்தம் திடீரென இறங்கும்போது உள்ளே எல்லாம் பொங்கிக் கொதிப்பதுதான் காரணம். இறைச்சிக்குள் இருக்கும் சாறும் அப்படியே கொதித்துப்போவதால் துண்டுகள் வறண்டுவிடும். இவற்றைத் தானாக இறங்க விடுங்கள். பிஞ்சுக் காய்க்கும் முட்டைக்கும் உடனே திறப்பதுதான் சரி, இல்லையென்றால் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

பலர் கவனிக்காத மூன்று விஷயங்களும் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். அழுத்தத்தில் வேகவைத்தால் கவலையில்லை. ஆனால் இதே குக்கரில் உள்ள மெதுவாகச் சமைக்கும் முறையில் போதுமான சூடு வராமல் அது தங்கிவிடலாம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பச்சையாக அதில் போடவே கூடாது. இரண்டாவது, தாமதமாகத் தொடங்கும் வசதி. 5 முதல் 60 டிகிரிக்கு இடையில் கிருமிகள் பெருகும். காலையில் இறைச்சியைப் போட்டு மாலையில் தொடங்கச் சொல்லிவிட்டுப் போனால், பகல் முழுக்க அது அந்தச் சூட்டில்தான் கிடக்கும். உலர்ந்த கடலையை ஊறவைப்பதற்கு வேண்டுமானால் அந்த வசதி பயன்படும். மூன்றாவது, பல மாதங்கள் கெடாமல் புட்டியில் அடைத்து வைக்கும் வேலை. சாதாரண எலக்ட்ரிக் குக்கரை அதற்கு நம்பக்கூடாது என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 5 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு.

யாருக்கு ஏற்றது? கடலை, பயறு, இறைச்சி அதிகம் சமைப்பவர்களுக்கும், சமைக்கும்போதே வேறு வேலை பார்க்க வேண்டியவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். தினமும் காய்கறிப் பொரியலும் வறுவலும்தான் என்றால் அது பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் அடுப்புக் குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். பருப்பு அடுப்பில், கடலையும் எலும்பும் மின்சாரத்தில்.

வாங்கியிருந்தால் முதல் நாள் உணவு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். உள்பாத்திரம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒருநாள் பேச்சு சுவாரஸ்யத்தில் பாத்திரம் இல்லாமல் இரண்டு குவளைத் தண்ணீரைத் தகட்டின் மேலேயே ஊற்றி, குக்கரைக் கவிழ்த்து மூன்று நாள் காயவைத்தவன் நான். பாத்திரத்தில் மூன்று கோப்பைத் தண்ணீர் விட்டு, கேஸ்கட் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்து, வால்வை மூடி, ஐந்து நிமிடம் வையுங்கள். முள்ளைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆவி கசியும், சீறும். பிறகு டக்கென்று எழும்பிச் சத்தம் அடங்கும். ஓரத்தில் எங்கும் ஆவி வராவிட்டால் குக்கர் சமையலுக்குத் தயார்.